கோத்தகிரிக்கு யார் ஜோடி

பிலோமினாவின் பையில் பச்சைத் துணி கட்டியிருந்தது. மரகதம் அதைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் தன் ஸ்வெட்டரைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் கண் பார்த்தது மனதுக்குப் போய்ச் சேர இப்போதெல்லாம் தாமதமாகிறது. சேர்ந்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த ஆயா தங்கமணிக்குக் கண் பொடனியில்தான் இருக்கிறது, மஞ்சளைக் கட்டு என்றால் பச்சையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள், இவளை நம்பி இத்தனை கிழங்கட்டைகளை மலையேற்றப் போகிறார்களாம். வருஷா வருஷம் மே மாதம், கோயமுத்தூரிலேயே வெயில் ஆளை உரிக்கிறபோது, நிழற்சோலை முதியோர் இல்லத்தில் நடக்க முடிகிறவர்களை எல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கூட்டிப்போவார்கள். ஒண்டியாக யாரும் போக முடியாது, ஜோடி சேர்ந்துதான் போக வேண்டும், ஜோடிக்கு ஒரு நிறம், பையிலும் கைத்தடியிலும் ஃபிளாஸ்க்கிலும் அந்த நிறத் துணியைக் கட்டிவிடுவார்கள். மஞ்சள்காரி ஒருத்தி மாத்திரையை மறந்தால் இன்னொரு மஞ்சள்காரி ஞாபகப்படுத்த வேண்டும், ஒருத்தி குளியலறைக்குள் போனால் இன்னொருத்தி கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், பஸ் கிளம்பும்போது ‘மஞ்சள் வந்தாச்சா’ என்று குரல் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கையைத் தூக்க வேண்டும். முதல் தடவை மரகதத்துக்கு உயிரே போய்விட்டது, ஈ.பி. இன்ஜினியர் பெண்டாட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குவதா என்று. பிலோமினாதான் பஸ் அதிரக் கத்தி, தன் கையோடு அவள் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே நிறம். இதில் பச்சை எங்கிருந்து வந்தது?

அவள் கட்டிலில் உட்கார்ந்து பிலோமினாவின் பையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். இடது மணிக்கட்டு ஓர் அளவுக்கு மேல் திரும்பாது, எந்தக் காலத்திலோ வழுக்கி விழுந்தது, அதனால் முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. கட்டுகிறபோது மட்டும் இந்தத் தங்கமணிக்கு எங்கிருந்துதான் இவ்வளவு பலம் வருகிறதோ. பச்சையைச் சுருட்டி ஜன்னல் ஓரமாக எறிந்துவிட்டு மஞ்சளைக் கட்டினாள். அப்படியே பையைத் திறந்து பார்த்தாள். நினைத்தபடியே பிலோமினா இஞ்சி மொரப்பாவை எடுத்து வைத்திருக்கவில்லை. மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டி முதல் வளைவிலேயே அவளுக்குக் குமட்டும், போன வருஷம் முழுக்க மரகதத்தின் தோளில் சாய்ந்துகொண்டுதான் வந்தாள். இஞ்சி மொரப்பாவை வைத்தாள், காதை மூடும் குல்லாவை வைத்தாள், முழங்காலுக்குப் போடும் பட்டையை வைத்தாள், தைலத்தை வைக்கப்போய் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தாள். தைலம் என்றாலே அவர் ஞாபகம்தான். இதைப் போன வாரம்கூடச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொன்னாள்: கரண்ட் போய் இருட்டில் நான் எதிலாவது முட்டிக்கொண்டு விழுந்தால் அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் கையாலேயே தைலம் தேய்த்துவிடுவார், கை நீட்டாத மனுஷன், ஒரு சுடுசொல் சொன்னதில்லை. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பிலோமினா மட்டும் தலையைக் குனிந்து ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பாவம், கல்யாணம் ஆகாதவள், இதெல்லாம் கேட்டால் மனசு வலிக்கும், இனிமேல் அவள் முன்னால் பேசக்கூடாது என்று மரகதம் அப்போது நினைத்துக்கொண்டாள்.

தங்கமணி உள்ளே வந்தாள். பைகளைக் கீழே கொண்டுபோக வந்தவள் பிலோமினாவின் பையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஐயோ, அதை ஏனுங்ம்மா அவுத்தீங்க?”

“நீ கட்டுன லட்சணத்தைத்தான் சரி பண்ணினேன். மஞ்சளுக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?”

“இல்லீங்ம்மா, பச்சைதானுங்க. பிலோம்மாவுக்கு இந்த வாட்டி தனி ரூமுங்க, அவுங்களே கேட்டு வாங்கிட்டாங்க. அவுங்களுக்கு நர்சம்மா ஜோடி. உங்களுக்கு சுலோச்சனாம்மா.” அவள் மரகதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சனுங்க.”

“சொன்னா, சொன்னா. எனக்குத்தான் மறந்துபோச்சு” என்றாள் மரகதம். பொய் அவ்வளவு வேகமாக வாயில் வந்து நின்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “பிலோ எங்கே?”

“கீழ முடி வெட்டிக்கிறாங்க. வந்துருவாங்க.” தங்கமணி பச்சைத் துணியைப் பொறுக்கிப் பையின் மேல் வைத்துவிட்டு, பையைத் தூக்காமலேயே போய்விட்டாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கிட்டாங்க. கேட்டு. அப்படியானால் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், வாயைத் திறந்து மரகதத்தோடு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், சொல்லிவிட்டு வந்து சாயங்காலம் இதே கட்டிலில் உட்கார்ந்து மரகதத்தோடு முறுக்குத் தின்றிருக்கிறாள். எந்தச் சாயங்காலம்? நேற்றா, முந்தாநாளா? நேற்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே, நேற்று ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாளே. நாற்றம் வருகிறதோ? தும்மினால் கொஞ்சம் போய்விடுகிறது, உண்மைதான், உடனே துணியை மாற்றிவிடுகிறாள், பிலோமினாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள், தெரிந்திருக்குமோ, மூக்கு என்று ஒன்று இருக்கிறதே. முழங்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள், சோப்பும் பவுடரும்தான். குறட்டையோ? குறட்டை பிலோமினாவுடையது, டீசல் இன்ஜின் மாதிரி, அதை அவளே ஒப்புக்கொள்வாள். விளக்காக இருக்குமோ, குளியலறை விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட வேண்டும் மரகதத்துக்கு, கதவு ஒரு சாண் திறந்து கட்டிலில் வெளிச்சம் விழ வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை மூட முடியாது. ஏன் என்று ஒருநாள் பிலோமினா கேட்டாள், பழக்கம் என்றாள் மரகதம். ஒரு விளக்குக்காகவா தனி அறை கேட்பார்கள்? கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டால் முடிந்தது. அல்லது மரகதத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா, தனக்குத் தெரியாமல் ஏதாவது செய்கிறாளா, ராத்திரி எழுந்து நடக்கிறாளா, சேலை விலகிக் கிடக்கிறாளா, மூன்றாவது மாடிக்கு அனுப்புகிற மாதிரி ஏதாவதா? மூன்றாவது மாடியில் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். போன வருஷம் கோத்தகிரியில் ஊதா நிறத்தில் இருந்த வேதநாயகி இந்த வருஷம் மூன்றாவது மாடியில் இருக்கிறாள், ஜன்னல் வழியாக எல்லோரையும் அண்ணி அண்ணி என்று கூப்பிடுகிறாள். முதலில் ஜோடியைப் பிரிப்பார்கள், அப்புறம் மாடியை மாற்றுவார்கள். இப்படித்தான் நடக்கும். மரகதம் தன் பையைப் பார்த்தாள். அதன் காதில் மஞ்சள் துணி. சுலோச்சனாவோடு எதற்குக் கோத்தகிரி? அவளிடம் ஒன்று சொன்னால் ஊருக்கே ஒலிபெருக்கி வைத்த மாதிரி. போகவே வேண்டாம், கால் வலி என்று படுத்துக்கொள்ளலாம், எல்லோரும் போன பிறகு இந்தக் காலி வீட்டில் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். ஆனால் பிலோமினா ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியாமல் ஒரு வாய்க் காபிகூட இனி இறங்காது. இந்த வயதில் ஒரு சிநேகிதியைப் பிடிப்பது என்ன லேசான காரியமா? பெற்ற பெண் வசுமதி மஸ்கட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள், மாத்திரை போட்டியா, மோஷன் போனியா, அவ்வளவுதான், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் போதும், ‘அம்மா, அந்தப் புராணத்தை நிறுத்தும்மா’ என்று போனை வைத்துவிடுகிறாள். மனசு விட்டுப் பேச என்று இந்த உலகத்தில் பிலோமினாதான் இருக்கிறாள், அவளும் பச்சையாகிவிட்டாள்.

பிலோமினா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்த மயிர்த்துணுக்கு, கையில் குச்சி. “எப்படி இருக்கேன்? கான்வென்ட் பிள்ளை மாதிரி இல்லை?” என்று சுற்றிக்காட்டப் போனவள் பையின் மேல் இருந்த பச்சைத் துணியையும், பையில் கட்டியிருந்த மஞ்சளையும், கட்டிலில் இருந்த மரகதத்தையும் பார்த்துவிட்டுக் குச்சியைச் சுவரில் சாத்தினாள்.

“தங்கமணி உளறிட்டாளா?”

மரகதம் பையில் கட்டிய மஞ்சள் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

“சாயங்காலம் நானே சொல்லலாம்னு இருந்தேன்.”

“என்கிட்ட நாத்தமடிக்குதா பிலோ?”

“சீ, என்ன பேச்சு இது.”

“அப்ப லைட்டா? அணைச்சுடறேன் பிலோ, இன்னிக்கே அணைச்சுடறேன்.”

“லைட்டை அணைக்காதே” என்றாள் பிலோமினா. அதைச் சொல்லும்போது அவள் முகம் வேறு மாதிரி ஆயிற்று. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தாள். “மரகதம், நீ தூக்கத்துல பேசறே.”

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலையாக வந்தது இவ்வளவுதானா, இதற்கா இந்த மனுஷி ஆபீஸ் வரைக்கும் போனாள், தூக்கத்தில் யார்தான் பேசவில்லை. “என்னத்தைப் பேசித் தொலைக்கிறேன்? உன்னைத் திட்டறனா?”

“உன் வீட்டுக்காரர்கிட்டப் பேசறே.”

மரகதத்துக்கு இந்த வயதில் கன்னம் சூடாயிற்று. எட்டு வருஷம் ஆகிறது அவர் போய். கனவில் வருகிறாரோ? காலையில் ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லையே. “அவர்கிட்ட என்ன?”

பிலோமினா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “கெஞ்சறே. வேண்டாங்க, வேண்டாங்கங்கறே. இனிமே செய்யமாட்டேனுங்கங்கறே. லைட்டை மட்டும் அணைச்சுடாதீங்க, பாப்பா முழிச்சுக்குவாங்கறே. அப்புறம் கையை இப்படி வெச்சுக்கறே.” அவள் இடது கையைத் தலைக்கு மேல் மடித்து முகத்தைத் தோளுக்குள் புதைத்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு காட்டினாள்.

“பொய்” என்றாள் மரகதம். “அவர் என்னை அடிச்சதே இல்லை.”

ஆனால் பிலோமினாவின் கை தப்பான இடத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், பிடரியை மூட வேண்டும், காதுக்குப் பின்னால்தான் முதலில் விழும் என்று மரகதத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவளைத் திருத்தியது, திருத்திய பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது யார் சொன்னது? யார் இது, எனக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கே விழும் என்று கணக்காகச் சொல்கிறவள்? அவர் என்னை அடித்ததே இல்லை. கோபிசெட்டிபாளையம் குவார்ட்டர்ஸில் ஆளாளுக்குப் பெண்டாட்டியைத் தெருவில் போட்டு இழுத்தபோது எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அடித்ததை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததே இல்லை. ஆமாம், எப்படிப் பார்க்க முடியும், இருட்டல்லவா. முதலில் விளக்குப் போகும். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவி, வாசல் போர்டுக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார், அந்தச் சின்னச் சத்தம், பீங்கான் கட்டை கழன்று வருகிற சத்தம், அது கேட்டால் மரகதம் எங்கே நிற்கிறாளோ அங்கேயே நின்றுவிடுவாள். அப்புறம் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது, அவர் வாயைத் திறக்கமாட்டார், செருப்பையும் கழற்றி வைத்துவிடுவார், அவளும் வாயைத் திறக்கமாட்டாள், பாப்பா எழுந்துகொள்ளும், பக்கத்து வீட்டில் அஸிஸ்டென்ட் இன்ஜினியர் வீட்டு அம்மா இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு வரும். விளக்கு வரும்போது அவர் சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருப்பார். ‘கரண்ட் போனா ஒரு இடத்துல உக்கார வேண்டியதுதானே, பாரு, எங்கேயோ முட்டிக்கிட்டே’ என்பார், அவ்வளவு பிரியமாக, தலையைத் தடவிக்கொண்டு, தைலத்தை எடுத்துக்கொண்டு. அவளும், ‘ஆமாங்க, கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க’ என்பாள். சொல்லச் சொல்ல அதுவே நடந்ததாகிவிட்டது. விழுந்தேன், இடித்துக்கொண்டேன், வழுக்கிற்று, அவர் தண்ணீர் கொடுத்தார். விளக்கு எரிகிறபோது நடந்தது மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது, விளக்கு எரிகிறபோது அவர் தங்கமான மனுஷன். மணிக்கட்டு? குளியலறை. எந்தக் குளியலறை, அந்த வீட்டில் குளியலறை கொல்லைப்புறத்தில் அல்லவா இருந்தது, ராத்திரி கொல்லைக்கு எதற்குப் போனாள்? தெருவே சிரிக்கும்: ‘கரண்ட் கொடுக்கற இன்ஜினியர் வீட்டுலயே கரண்ட் இல்லையாமா!’ மரகதமும் சேர்ந்து சிரித்திருக்கிறாள், முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, ‘ஃபியூஸ் போயிருச்சுங்க’ என்று சிரித்திருக்கிறாள். வசுமதி சிரித்ததில்லை. வசுமதி கல்யாணமாகி மஸ்கட் போன பிறகும் தலையணைக்கு அடியில் டார்ச் லைட் வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்று மருமகன் வேடிக்கையாகச் சொன்னார், மரகதமும், ‘அவ சின்னதிலிருந்தே பயந்தாங்கொள்ளி மாப்பிள்ளை’ என்றாள். ஐயோ. பாப்பா முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தனை ராத்திரியும் பாப்பா இருட்டில் முழித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறது, புராணத்தை நிறுத்து நிறுத்து என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறது, அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, பக்கத்துக் கட்டிலில் கிடக்கிற பிலோமினாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த மேஜையில் எல்லோர் முன்னாலும் கை நீட்டாத மனுஷன் என்றேனே. பிலோமினா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாளே. மரகதத்துக்குத் தன் உடம்பையே தொடப் பயமாக இருந்தது, யாரோ வேறொருத்தியின் உடம்பில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணி குடி” என்றாள் பிலோமினா.

“வேண்டாம்.” சொம்பைப் பார்க்கவே அவளுக்கு ஆகவில்லை. “எத்தனை நாளா?”

“நீ இந்த ரூமுக்கு வந்ததிலிருந்தே. தினமும் இல்லை. இப்பக் கொஞ்ச நாளா அதிகம். பயணம்னா உனக்கு அதிகமாகுது, போன வருஷமும் அப்படித்தான்.”

பயணம் என்றால் அதிகமாகிறதாம். மரகதம் அதையும் ஒரு மூலையில் வாங்கி வைத்துக்கொண்டாள். பயணம் என்றால் அவர் பெட்டி கட்டச் சொல்வார், கட்டியதைப் பிரித்துக் கொட்டுவார், மறுபடி கட்டச் சொல்வார், எதையாவது மறந்திருப்பாள், எதையாவது மறந்துதான் இருப்பாள். இப்போது வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

“நீ என்ன பண்ணுவே, நான் அப்படிக் கத்தும்போது?”

“நீ கத்தறதில்லை. குசுகுசுன்னுதான் கெஞ்சுவே.” பிலோமினா மூக்கை உறிஞ்சினாள். “முதல்ல தொட்டு எழுப்பிப் பார்த்தேன். தொட்டா இன்னும் பயந்து சுவரோட ஒட்டிக்கறே. மாதாவேன்னு ஜெபம் பண்ணிப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள், என்னமோ தோணுச்சு, குரலைக் கட்டையாக்கி, ‘சரி, அடிக்கலை. படு’ன்னேன். சட்டுன்னு அடங்கிட்டே. அன்னிலிருந்து அப்படித்தான்.”

“அவராட்டப் பேசுவியா?”

“முப்பது வருஷம் டெலிபோன் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுல ராத்திரி டூட்டி பார்த்தவ நான். யாராவது கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்க எனக்கு வராது மரகதம். ஆனா முடியலை. கல்யாணமே வேண்டாம்னு வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு ஒத்தையா நின்னவ, இந்த வயசுல உனக்குப் புருஷனா இருக்கேன். அதுவும் அப்படிப்பட்ட புருஷனா. காலையில பல்லு விளக்கும்போது என் வாயைப் பார்க்க எனக்கே பிடிக்கலை. கோத்தகிரியிலயாவது நான் நானாத் தூங்கலாம்னு கேட்டேன். உன்னைப் பிடிக்காம கேட்கலை.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சுலோச்சனாவைப் போடச் சொன்னதும் நான்தான். ராத்திரியானா காது மிஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுருவா. நீ என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்காது, வெளியில போகாது.”

கேட்காது. நல்ல ஏற்பாடுதான், நினைத்து நினைத்துச் செய்த ஏற்பாடு, வேறு யாரும் இவ்வளவு யோசித்துச் செய்திருக்கமாட்டார்கள். மரகதத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது, பிலோமினாவை இரண்டு கன்னத்திலும் அறைய வேண்டும் போலவும் இருந்தது, இவ்வளவு நாள் வைத்திருந்துவிட்டு இப்போது ஏன் சொன்னாய் என்று. சொல்லியிருக்காவிட்டால் அவள் நாளைக்குச் சுலோச்சனாவோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருப்பாள், அவ்வளவுதான், அவர் தங்கமான மனுஷனாகவே இருந்திருப்பார். இனிமேல் யார் இருக்கிறார்கள்? அவரும் போய்விட்டார், எட்டு வருஷத்துக்கு முன்னால் போகாதவர் இன்றைக்கு மத்தியானம் போய்விட்டார். அவருக்காக அழுத அழுகை, பொட்டில்லாமல் கண்ணாடி பார்த்துக் கலங்கியது, திதி கொடுத்தது, எல்லாம் யாருக்கு? அந்தத் தண்ணீர்ச் சொம்புக்காரருக்கா? வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர் செத்துப்போய் அந்த வெட்கத்தையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் இதற்கெல்லாம் மேலாக ஒரு பயம் வந்து முன்னால் நின்றது. கோத்தகிரியில் குளிர், போர்வைக்குள் அவள், பக்கத்தில் காது கேட்காத சுலோச்சனா, இருட்டில் அவர். இவள் கெஞ்சுவாள். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். விடிய விடியக் கெஞ்சிக்கொண்டே இருப்பாள், கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, விழப்போகிறது விழப்போகிறது என்று. விழுந்துவிட்டால்கூடத் தேவலை.

“நான் கூப்பிட்டா யாரும் பதில் சொல்லலைன்னா என்ன ஆகும்?”

பிலோமினா எழுந்து போய்ச் சாத்திய கதவையே இன்னொரு தடவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தாள். அதுவே போதுமாக இருந்தது.

“நீ அடிக்கலைன்னதும் நான் என்ன சொல்லுவேன்?”

“விடு மரகதம். எதுக்கு அதெல்லாம்?”

“சொல்லு.”

“‘பெரிய மனசுங்க உங்களுக்கு’ம்பே” என்றாள் பிலோமினா. “அதைச் சொல்லிட்டுத்தான் தூங்குவே.”

வெளியே வராண்டாவில் யாரோ பையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கமணி, ‘ஊதாப் பை ரெடிங்களா’ என்று கத்துவது கேட்டது. பெரிய மனசு. மரகதம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், பழகிய சொல்தான், நாக்கு எங்கேயும் இடறாமல் சொல்லிற்று, எத்தனை தடவை சொல்லியிருந்தால் இப்படி வழுக்கிக்கொண்டு வரும். அடித்ததுகூட அவளை இப்படி அறையவில்லை. இருட்டில் விழுந்தது போகட்டும், அந்தக் காலம், ஆதரவு கிடையாது, கையில் குழந்தை, அப்பன் வீட்டில் அண்ணிமார் ராஜ்யம், போகட்டும். ஆனால் அந்த ஆள் செத்து எரிந்து சாம்பலைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்து, இங்கே கோயமுத்தூரில் ஒரு கட்டிலில் பத்திரமாகப் படுத்துக்கொண்டு, தன் பேரில் வருகிற பென்ஷனில் சாப்பிட்டுக்கொண்டு, இன்னமும் ராத்திரி ராத்திரி அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாளே. அடிக்காமல் விட்டதற்கு நன்றி. யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து. எதிர்க் கட்டிலில் ஒரு கல்யாணமாகாத கிழவி விழித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மரகதத்துக்குக் கோபம் வந்தது, இது இவ்வளவு வருஷத்தில் வந்ததே இல்லை, வந்திருந்தால் அந்த ஃபியூஸ் கட்டையை அந்த ஆள் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பாள்.

“பிலோ.”

“ம்.”

“இனிமே அடிக்கலைன்னு சொல்லாதே.”

“பின்னே என்னன்னுதான் சொல்றது? சொன்னாத்தானே தூங்கறே.”

“அவன் செத்துப்போயிட்டான்னு சொல்லு.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிச் சொன்னதில்லை, மனசுக்குள்கூடச் சொன்னதில்லை. சுவர் இடிந்து விழவில்லை. மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அதைச் சொல்றதுக்கு நான் பக்கத்துல இருக்கணுமே” என்றாள் பிலோமினா.

“இரு.”

“எந்தக் குரல்ல சொல்லட்டும்?”

“உன் குரல்ல சொல்லு. குசுகுசுன்னு சொல்லாதே, ட்ரங்க் கால்ல கத்துவியே, அப்படிச் சத்தமா சொல்லு. நான் மட்டும் கேட்டாப் பத்தாது, அவனுக்கும் கேக்கணும்.”